வசந்தாமணி கண்ணில் படாத நாய்

நாச்சிமுத்து ஒரு நாய்க்குட்டியை நூல் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, அவர் மனைவி வசந்தாமணி சாக்கின் வாயைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். சாக்குக்குள் சாக்கின் அடிப்பக்கம் மட்டுந்தான் இருந்தது. "வெறுஞ்சாக்கத் தூக்கிட்டு வந்து நாயிங்கறீங்க, வெயில்ல மண்ட காஞ்சுபோச்சுங்களா?" என்று கேட்டாள். இரண்டாவது நாய் வேண்டவே வேண்டாம் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டதையும் மீறிக் கொண்டுவந்ததால் கோபத்தில் குத்திப் பேசுகிறாள் என்று நினைத்து நாச்சிமுத்து சாக்கைக் கீழே இறக்கப் போனார். அதற்குள் குட்டி சாக்கை விட்டுக் குதித்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி ஓடி, இத்தனை வருசமாக அந்த வீட்டைத் தனியாளாக ஆண்டுகொண்டிருந்த துரையின் முன்னால் போய் நின்று, பயத்தில் ஒன்றுக்கிருந்துவிட்டது. வசந்தாமணி கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், துரை என்கிற தன் கறுப்பு நாய் எழுந்து நின்று காற்றை மோந்து பார்த்ததும், பிறகு அதே காற்றைப் பாசத்தோடு நக்கிக் கொடுத்ததும், சிமெண்டுத் தரையில் தானாகவே ஒரு ஈரம் புறப்பட்டு அவள் கால்விரலை நோக்கி ஓடிவந்ததும்தான். அவள் உள்ளே போய்க் கந்தல் துணி எடுத்துவந்து துடைத்தாள்.

"மூத்திரம் இருக்குது. நாயத்தான் காணோம்" என்றாள்.

காவிரிக் கரையில், விடிந்தாலும் அடைந்தாலும் தறி ஓடுகிற ஊர் அது. பாவடித் தெருவில் வீட்டுக்கு வீடு பின்பக்கம் தறிக்குடோன் உண்டு, அந்தச் சத்தத்தில் பிறந்த குழந்தை தாலாட்டைக் காதால் கேட்பதில்லை, தாயின் உதட்டைப் பார்த்துத்தான் தூங்கும் என்பார்கள். அங்கே பாதிப் பேச்சு கையாலும் புருவத்தாலும்தான் நடக்கும்: டீ வேண்டுமென்றால் கட்டைவிரல், இழை அறுந்துபோனால் சுண்டுவிரல், முதலாளி வருகிறார் என்றால் மீசையை முறுக்கிக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட தெருவில் ஒரு சங்கதி பரவுவதற்கு வாய் எதற்கு? பொழுது சாய்வதற்குள் தெருவே ஆள் மாற்றி ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எல்லார் கண்ணுக்கும் நாய் தெரிந்தது.

எதிர்வீட்டு மெகருன்னிசா நாயைத் தொடமாட்டாள், அவள் வீட்டு வழக்கம் அப்படி. ஆனால் தள்ளி நின்று வருணிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. "நல்ல செவலை நெறம் அக்கா, செங்கல்லுல தண்ணி ஊத்துனாப்புல. நாலு காலுக்கும் வெள்ளச் சாக்ஸ் போட்டு உட்டாப்புல இருக்குது. இத்தன அழகா ஒண்ணு உங்க வூட்டுக்கு வந்திருக்குது, உங்களுக்குத் தெரியலீங்கறீங்களே!" என்று அங்கலாய்த்தாள். அவள் சொன்ன நிறமே நாய்க்குப் பேராகிவிட்டது. தெரு முழுக்கச் செவலை, செவலை என்று கூப்பிட்டது. வசந்தாமணி மட்டும் 'அது' என்பாள்.

இதற்காகப் பாவடித் தெரு ஒன்றும் மலைத்துப்போய் நின்றுவிடவில்லை. "எங்க மாமியாளுக்கு நானே இத்தன வருசமாக் கண்ணுக்குத் தெரியறதில்ல, ஒரு நாயி தெரியலீன்னா என்னுங் இப்ப?" என்றார் டீக்கடைச் சுப்பராயன். கை பாஷையில் புதிதாக ஒரு சாடை சேர்ந்தது: இரண்டு விரலைக் காதுக்கு மேலே மடித்துக் காட்டினால் செவலை இங்கே இருக்கிறது என்று அர்த்தம், மறு கை அது கிடக்கும் இடத்தைக் காட்டும். வசந்தாமணி குடத்தோடு வாசலில் இறங்கினால் போதும், நூல் சுற்றிக்கொண்டிருக்கிற பெண்களும், சைக்கிளில் போகிற பால்காரரும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளும் காதுக்கு மேல் விரலை மடித்து, ஓரமாப் போங்க, தாண்டிப் போங்க, சித்த நில்லுங்க, அது எந்திரிச்சுக்கட்டும் என்று சாடை காட்டுவார்கள்; அவளும் சாமி ஊர்வலத்துக்கு வழி விடுகிறவள்போல் ஒதுங்கி ஒதுங்கி நடப்பாள். தெருவுக்கு வாழ வந்த புது மருமகள்களுக்கு மாமியார்கள் முதலில் சொல்லிக்கொடுக்கிற விஷயங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது: குழாயில் தண்ணீர் விடுகிற நாள், குப்பை வண்டி வருகிற நேரம், வசந்தாமணி அக்காவுக்குச் செவலையைத் தெரியாது என்கிற சேதி.

ஏன் தெரியவில்லை என்று யாரும் ரொம்பநாள் ஆராயவில்லை. அவள் வேண்டாம் என்றதற்குக் காரணம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். வசந்தாமணி சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அம்மாவால் முடியவில்லை என்று, கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும் என்று அவளைக் கொண்டுபோய்ச் சங்ககிரியில் அத்தை வீட்டில் விட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டு நீண்டு அவள் பெரியவளாகிற வரைக்கும் போனது. தம்பிமேல் அவளுக்கு வருத்தம் இல்லை, அவன் பாவம், பச்சைப்பிள்ளை, என்ன செய்வான். ஆனால் இரண்டாவதாக ஒன்று உள்ளே வந்தால் முதலாவது வெளியே போகும் என்பது அவளுக்கு அடுப்பு சுடும் என்பதைப்போலத் தெரிந்த விஷயம். ஒரு பெண்ணோடு போதும் என்று நிறுத்திக்கொண்டதும் அதனால்தான். துரையை ஆற்றங்கரையிலிருந்து எடுத்துவந்த அன்று அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இந்த வூட்டுக்கு நீ ஒருத்தன்தான் சாமி" என்று அவள் சொன்னதைத் தெருவே கேட்டிருக்கிறது.

தெரியவில்லை என்பதற்காகச் சோறு போடாமல் இருக்க அவள் கல்மனசுக்காரி அல்ல. துரைக்கு ஒரு வட்டில் வைத்தால் பக்கத்தில் இன்னொரு வட்டிலும் வைத்தாள். கருவாடு போட்டுப் பிசைந்த சோறு சில்லுச் சில்லாகக் குறைந்து, வட்டில் தரையில் தானாக நகர்ந்து நகர்ந்து போய்ச் சுவரில் முட்டி, கடைசியில் கழுவியதுபோல் பளபளத்து நிற்கும். அது வளர்ந்து வருவதையும் அவள் துரையை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். துரை தூங்கும்போது கழுத்தை அந்தரத்தில் வைத்துக்கொண்டு தூங்கியது. முதலில் தரைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் இருந்த கழுத்து, மழைக்காலம் முடிவதற்குள் ஒரு சாண் உயரத்துக்கு ஏறிவிட்டது. சொந்தபந்தம், உறம்பரை என்று வருகிறவர்கள் அதைப் பார்த்து, "நல்லா ஒத்துமையாப் படுத்திருக்குதுங்க ரெண்டும்" என்பார்கள், வசந்தாமணி காற்றில் தலைவைத்துக் குறட்டை விடுகிற தன் நாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

துரைக்குத் துரோகம் ஆகிவிடுமே என்று அவள் பயந்தாளே, அந்தப் பயம் வீணாய்ப் போனது. துரை குறைந்துபோகவில்லை, குட்டிநாயாக மாறிப்போய் வாசலில் உருண்டது, யாரையோ துரத்தியது, யாராலோ துரத்தப்பட்டு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடிவந்தது. பொழுதோடு தறி நிறுத்தி வந்த நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்து இந்தக் கையால் துரையையும் அந்தக் கையால் காற்றையும் சொறிந்துகொடுத்து, என்னத்துக்கோ விழுந்து விழுந்து சிரிப்பார். "பாரு புள்ள, பாரு, என்ன பண்ணுது பாரு!" என்று பழக்க தோஷத்தில் அவளைக் கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொள்வார். அந்த நேரத்தில் வசந்தாமணிக்கு வயிறு எரியும். ஒரு வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்து சிரிக்கிறார்கள், நான் மட்டும் வெளியே நிற்கிறேன் என்று தோன்றும். இத்தனை வயசுக்குப் பிறகு, சொந்த வீட்டுக்குள்ளேயே, அத்தை வீட்டு வாசலில் துணிப்பையோடு நின்ற அதே பெண்ணாகத் தான் ஆகிவிட்டதை அவளால் தாங்க முடியவில்லை. எப்படியாவது அதைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதுதான் ஆசை வந்தது.

கண் டாக்டரிடம் போனாள். அவர் விளக்கை அடித்துப் பார்த்து, எழுத்தைப் படிக்கச் சொல்லி, "ஊசியில நூல் கோப்பீங்க போல இருக்கே, என்னதாம்மா தெரியல?" என்றார். "எங்க வூட்டு ரெண்டாவது நாயி தெரியலீங்" என்றாள். டாக்டர் ஒரு சொட்டு மருந்து கொடுத்து, "போட்டுட்டு வாங்க, நாய்க்கு ஆகாட்டியும் பஞ்சுத் தூசிக்கு ஆகும்" என்றார். மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினாள். அம்மன் அதைப் போட்டுக்கொண்டு அவளைத் தீர்க்கமாகப் பார்த்ததுதான் மிச்சம். கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றாலோ, அதுவும் அவள் கிட்டே வருவதில்லை. தன்னைப் பார்க்காமலே தாண்டித் தாண்டிப் போகிறவளிடம் போய் ஒட்டிக்கொள்ள அதற்கென்ன மானம் ரோஷம் கிடையாதா?

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று சொல்லி ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த அமைதி ஒத்துக்கொள்ளாது, காது வலிக்கிறது என்று ஆற்றுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் கிளம்பிவிடுவார்கள். வசந்தாமணியும் எப்போதும் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த மாதம் முழங்கால் வீங்கிக்கொண்டதால் போகவில்லை. தெருவே ஓய்ந்து கிடந்தது. அரிசி புடைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவளுக்குச் சிமெண்டுத் தரையில் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. துரை அவள் கண்ணெதிரே படுத்திருந்தது. டிக் டிக் சத்தம் அடுக்களைப் பக்கம் போனது, தண்ணீர்த் தொட்டியில் சளப்புச் சளப்பென்று குடித்தது, திரும்பி வந்தது, பெருமூச்சு விட்டுக்கொண்டு எங்கேயோ உட்கார்ந்தது. நகம் வெட்டாத நாய் என்று அவளுக்குத் தோன்றியது. அதைப்பற்றித் தானாக அவள் தெரிந்துகொண்ட முதல் விஷயம் அது.

முறத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கையை மல்லாத்தி நீட்டினாள். "எனக்குத் தெரியல சாமி. பாக்கக் கூடாதுன்னு இல்ல. கோவிச்சுக்காத, வா" என்றாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டிக், டிக் என்று கிட்டே வந்து, குளிர்ந்த ஈர மூக்கு ஒன்று அவள் உள்ளங்கையில் பட்டது. அவள் இரண்டு கையாலும் அதைப் படித்தாள். இடது காது நுனியில் கத்தரி வைத்ததுபோல் ஒரு நறுக்கு, நெஞ்சுக்கடியில் முள் கிழித்து ஆறிய தழும்பு, வால் நுனியில் கொக்கிபோல் ஒரு மடிப்பு. விலா எலும்புக்குள் குடுகுடுவென்று ஒரு நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. கரண்டு வந்து தறிகள் ஓடத் தொடங்கி எல்லாச் சத்தத்தையும் விழுங்குகிற வரைக்கும் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோசமாகத்தான் அழுதாள்.

அந்தச் சந்தோசத்தின் சூடு ஆறுவதற்குள் தெருநாய் பிடிக்கிற வண்டி வந்தது. வளர்ப்பு நாய்களை வீட்டுக்குள் கட்டிக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நாச்சிமுத்து ஈரோட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். வண்டி தெருமுனையில் திரும்பியதுமே சாடை வீட்டுக்கு வீடு தாவி வந்து சேர்ந்தது, வசந்தாமணி வலிக்கிற காலோடு ஓடிப்போய்த் துரையைக் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்து, கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தாள். அவரவர் நாயைக் கட்ட அவரவர் ஓடிய அவசரத்தில், காதுக்கு மேல் விரல் மடித்துக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. கண்ணால் பார்த்தே பழகிய மனுஷி, கண்ணுக்குத் தெரிந்த நாய் உள்ளே வந்ததும் நாய் உள்ளே வந்தாயிற்று என்று நினைத்துவிட்டாள்.

மத்தியானம் துரை சாப்பிடவில்லை. கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு ஊளையிட்டது. இன்னொரு வட்டிலில் வைத்த சோறு வைத்தபடியே ஈ மொய்த்தது. வசந்தாமணி கட்டிலுக்கு அடியிலும் காஸ் சிலிண்டருக்குப் பின்னாலும் பாவு நூல் சுற்றிய உருளைகளுக்கு இடையிலும் கையை விட்டு விட்டுத் துழாவினாள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. சுப்பராயன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "அக்கா, செவலைய வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்களாம், இப்பத்தான் சொல்றாங்க. நீங்க சாத்துன கேட்டுக்கு முன்னாடியேதான் நின்னுக்கிட்டிருந்துச்சாம், உள்ள உடுவீங்கன்னு. நாய அடைக்கற கொட்டகையில எடம் பத்தாம, பொழுதோட வேற வண்டியில வேற ஊருக்கு மாத்திப்போடுவாங்களாம். இருங்க, கடையச் சாத்திட்டு வாறேன், எனக்குப் பாத்தாத் தெரியும்" என்றார். அவர் போய் அடுப்பை அணைப்பதற்குள் அவள் ஆட்டோவில் ஏறிவிட்டாள். பாதி வழி போன பிறகுதான், வாழ்க்கையில் ஒருநாளும் பார்க்காத நாயைப் போய் எப்படிக் காட்டிக்கொடுப்பேன் என்று அவளுக்கு உறைத்தது. இனி திரும்பினால் பொழுது போய்விடும். போ என்றாள்.

ஊருக்கு வெளியே உரக்கிடங்கு தாண்டி இருந்தது அந்தக் கொட்டகை. வரிசை வரிசையாகக் கூண்டுகள், கூண்டுக்கு ஒரு நாய், அத்தனையும் ஒரே மூச்சாகக் குரைத்ததில் தறிக்குடோன் தோற்றது. காதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நீலச் சட்டை போட்ட கோமதி என்கிற பெண் குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வெசயாப் பாத்துச் சொல்லுங்க்கா, மாத்தற வண்டி வந்துரும். இன்னிக்கு ஒரு கூண்டுகூடக் காலி இல்ல, ரொம்பி வழியுது. கைய மட்டும் உள்ள உட்டராதீங்க, கடிச்சுப்போடும்" என்றாள்.

இரண்டாவது வரிசையில் வசந்தாமணி அப்படியே நின்றுவிட்டாள். செங்கல்லில் தண்ணீர் ஊற்றிய நிறம். நாலு காலும் வெள்ளை. அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. தெரிஞ்சிருச்சு, ஆத்தா கண்ணக் குடுத்துட்டா என்று கூண்டை நெருங்கிப் போனாள். "இதுதானுங்களா?" என்று கோமதி சாவியை எடுத்துவிட்டாள். பார்க்கப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது அந்த நாய். வசந்தாமணி ஆசை தீர அதைப் பார்த்தாள், தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்தாள். காது முழுக்காது. வால் நேர்வால்.

"இல்லீங் அம்மிணி" என்றாள். "இது எனக்குத் தெரியுது. என்ற நாயி இது இல்ல."

கோமதிக்குப் புரியவில்லை. வசந்தாமணிக்கு இப்போது புரிந்துவிட்டது. நாய்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வரிசை வரிசையாகக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். கறுப்பு நாய், வெள்ளை நாய், கிழட்டு நாய், மூன்று கால் நாய், குட்டியோடு ஒரு நாய். கடைசி வரிசையில், சுவரோரத்தில், ஒரு கூண்டு காலியாக இருந்தது. பூட்டுப் போட்டிருந்தது. உள்ளே தண்ணீர்க் கிண்ணம் இருந்தது.

"இதுதாங்க" என்றாள்.

"இதுங்களா? வந்ததுல இருந்து மூலையில மொகத்தத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்குது. பச்சத் தண்ணி குடிக்கல." கோமதி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நீங்க எங்கியோ பாத்துக்கிட்டு இதுதாங்கறீங்களே அக்கா?"

"எடது காதுல ஒரு நறுக்கு இருக்கும். வாலு நுனி மடிஞ்சிருக்கும். நெஞ்சுக்கடியில ஒரு தழும்பு இருக்குது, அது பாத்தாத் தெரியாது, தொட்டாத்தான் தெரியும்."

கோமதி குனிந்து பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தாள். கதவு திறந்தும் ஒன்றும் வெளியே வரவில்லை. வசந்தாமணி வீங்கிய காலை மடித்து ஈரத் தரையில் கூண்டு வாசலில் உட்கார்ந்தாள். "கதவச் சாத்திப்போட்டேன் சாமி" என்றாள். "உள்ள ஒருத்தன் வந்துட்டான், போதும்னு சாத்திப்போட்டேன். என்னையும் அப்புடித்தான் சாத்துனாங்க. அது எப்புடி வலிக்கும்னு தெரிஞ்சிருந்தும் நானே சாத்திப்போட்டேன். வா தங்கம், வூட்டுக்குப் போலாம். அவன் சோறு திங்காம உக்காந்திருக்கறான்."

அத்தனை குரைப்புச் சத்தத்துக்கு நடுவே அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று ஒரு முழு நாயின் கனம் வந்து அவள் நெஞ்சில் மோதி, அவளை மல்லாக்கத் தள்ளி, கழுத்தையும் மூக்கையும் காதையும் நக்கி எடுத்தது. அவள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் அந்தக் கனத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கோமதி குழாயைக் கீழே போட்டுவிட்டு வாயில் கைவைத்து நின்றாள்.

"அடடா, என்னா கண்ணு அக்கா அதுக்கு! உங்களத் தவுர வேற எதையும் பாக்க மாட்டீங்குது, பாருங்களேன்!"

"பாக்கட்டும் அம்மிணி" என்றாள் வசந்தாமணி. "எனக்கும் சேத்து அதே பாத்துக்கட்டும்."